செவ்வாய்க்கிழமை, ஒன்பது பேர்

தொங்கு ரயிலில் வந்தேன்.
முதுகில் பேஸ், கால்களுக்கு இடையில் ஆம்ப்,
அடியில் வுப்பர் ஆறு கறுப்பாய்.
கிட்டாரா தம்பி என்று ஜெர்மனில் கேட்டவருக்கு
ஆமாம் என்றேன்.
விளக்கிச் சொல்ல மூன்று நிறுத்தங்கள் காணாது.

உடோவின் கிளப்புக்குக் கீழே இறங்க
இருபத்தெட்டுப் படி.
ஆம்ப் தூக்குகிறவன் மட்டும் அறிந்த கணக்கு.
வாசல் பலகையில் சாக்கட்டியால்
பாடகி அன்னெக்ரேட், பியானோ யாரோஸ்லாவ்,
டிரம்ஸ் டெட்லெஃப்,
மற்றும் பேஸ்.
விக்னசொரூபன் ஜெர்மன் எழுத்தில் பன்னிரண்டு.
பலகை சின்னது.

தங்கையின் கைபேசி
பேஸ் என்பதை எப்போதும் பேசு என்று திருத்திவிடும்.
'இண்டைக்கும் பேசு இருக்கா?'
இருக்கு, ஒன்பது மணிக்கு
என்று பதில் போட்டுவிட்டு
சுருதி சேர்த்தேன்.

பாரின் குளிர்ப்பெட்டி 'ஜி'யில் உறுமுகிறது,
மயிரிழை கூடுதலாய்.
தடித்த கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தும்போதெல்லாம்
நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஒன்று.
அந்த ஏறக்குறைய
பல்லில் சிக்கிய நார் போல
இரவு முழுக்க.

வந்திருந்தவர்கள் ஒன்பது பேர்.
மழைக்கு ஒதுங்கியவர்கள் இரண்டு.
டெட்லெஃபின் முன்னாள் மனைவி, அவளுடைய புதுக் கணவர்,
டெட்லெஃபை விட அதிகமாய்க் கைதட்டுகிறவர்.
மற்றவர்களை முகத்தால் தெரியும்.
என் ஆம்பை ஒட்டிய மேசையில் ஒரு பெண்,
அறுபது இருக்கும்,
காதுக்கருவி இரண்டையும் கழற்றி
சாம்பல் கிண்ணத்தில் போட்டுவிட்டு
உள்ளங்கையை மேசைமேல் வைத்தாள்,
சூடு பார்ப்பது போல.

முதல் சுற்று போனது போனபடி.
அன்னெக்ரேட் ஒரு சரணத்தை இரண்டு தடவை பாடினாள்,
நாங்களும் தெரிந்தே செய்தவர்கள் மாதிரி
கூடவே திரும்பினோம்.

இரண்டாம் சுற்று, மெதுவான பாட்டு,
நடுவில் என் சத்தம் நின்றது.
விரல் நடக்கிறது, கம்பி அதிர்கிறது,
ஒன்றும் வெளியே வரவில்லை.
அன்னெக்ரேட் பாடிக்கொண்டிருந்தாள்.
யாரோஸ்லாவ் இடக்கையால் கொஞ்சம் கீழே இறங்கினான்,
காரணம் தெரியாமலே.
புதுக் கணவர் கண்மூடித் தலையாட்டினார்.
என்ன செய்ய, நானும் வாசித்தபடி நின்றேன்,
ஊமைப்படம்.

அந்தப் பெண் கையைத் தூக்கினாள்.
உள்ளங்கையைப் பார்த்தாள்.
மேசையைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.
பிறகு நிமிர்ந்து
நேரே என்னைப் பார்த்தாள்,
வீட்டில் விளக்கை அணைத்தது யார் என்கிற பார்வை.

முகவாயால் ஆம்பைக் காட்டினேன்.
பிளக் தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.
பியர் கிளாஸுக்குக் கீழிருந்த அட்டையை உருவி
பாதியாய்க் கிழித்து, மடித்து,
எழுந்திருக்காமலே கையை நீட்டி
பிளக்கின் அடியில் செருகினாள்.
என் சத்தம் தப்பான இடத்தில் வந்து விழுந்தது.
டெட்லெஃப் அதையே முதல் அடியாக எடுத்துக்கொண்டான்.
நல்ல மனுசன்.
அவள் கையை மேசைக்குத் திருப்பினாள்.

முடிந்ததும் ஆளுக்கு முப்பத்தைந்து யூரோ,
பட்டாணி சூப்.
உடோ மேசை மேசையாய் வந்தான்.
இங்கே எத்தனை குடித்தாய் என்பது
பியர் அட்டையில் பென்சில் கோடு.
அவளிடம் பாதி அட்டைதான் இருந்தது,
கோடில்லாத பாதி.

எத்தனை என்று கேட்டான்.
கருவிகளை மாட்டாமலே
இரண்டு விரல் காட்டினாள்.
உடோ என்னைப் பார்த்தான்.

நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசி ரயில் போய்விட்டது.
இரவுப் பேருந்துக்கு நாற்பது நிமிடம்.
நிறுத்தத்து வெளிச்சத்தில் ஆம்பைத் திருப்பி
மடிப்பை விரித்துப் பார்த்தேன்.
ஐந்து கோடு.
ஐந்தாவது குறுக்கே,
அழுத்தமாய்.

மறுபடி மடித்து
அங்கேயே செருகினேன்.
வியாழன் சோலிங்கனில் வாசிக்க வேண்டும்.