இடுப்பில் அரை இஞ்ச்

லீட்ஸிலிருந்து மெயில் வந்த அன்று
பர்கூரில் கரண்ட் இல்லை.
ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே கத்தித்தான்
திம்மராயப்பாவுக்குப் படித்துச் சொன்னேன்:
"இந்த சீசன் எல்லாரும் பெல்ட்டை இறுக்குறோம்னு
எழுதியிருக்காங்க சார்."

பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு யோசித்தார்.
"அப்ப இடுப்பு லூசா இருக்குதுன்றான்."
இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.
தபாலில் படித்த பி.காம்.,
கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு மொட்டை மாடியில்
நாற்பத்தைந்து நாள் ஸ்போக்கன் இங்கிலீஷ்.
அதில் பெல்ட் வரவில்லை.

இரண்டாயிரத்து நூறு பேன்ட்.
இடுப்பில் அரை இஞ்ச் பிடிக்கவும் என்று
போர்டில் ஒட்டியிருந்தது என் கையெழுத்து.
மூன்றாம் லைனில் நாகவேணி
மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:
"வெள்ளைக்காரன் இளைச்சுட்டானா, முனிலட்சுமி?"
சூப்பர்வைசர் வரும்வரை
அந்த லைன் சிரித்துக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை போன்.
ஸ்பீக்கரில் ஒரு பெண், ஹெலன்.
முதலில் சிரித்தாள்,
பிறகு நிறுத்திக்கொண்டு
காது கேட்காதவர்களிடம் பேசுவதுபோல்
ஒவ்வொரு சொல்லாக வைத்தாள்.
பெல்ட் என்றால் பெல்ட் இல்லை.
கையில் காசு இல்லை.
அடுத்த ஆர்டர் பாதிதான்.
ஆனாலும் உங்கள் வேகத்துக்கு
என் தொப்பியைக் கழற்றுகிறேன், என்றாள்.

அவள் அங்கே தொப்பியைக் கழற்ற
இவர் இங்கே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்.
"ரெண்டு வருசமா மெயில் படிச்சு
என்னத்தைக் கிழிச்சே நீ?"

கிழிக்கவில்லை.
பிரிக்க வேண்டியிருந்தது.

ஜெகதேவி போகிற கம்பெனி பஸ்
பத்தரை வரைக்கும் வாசலில் நின்றது.
மேஜைக்கு ஆறு பேர், ஆளுக்கொரு பிளேடு,
மடியெல்லாம் நூல்.
யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.
"அப்ப பெல்ட்டை இறுக்குறதுன்னா என்னதான்?"
பர்வீன் கேட்டாள்.
"சாப்பாட்டைக் குறைக்கிறது மாதிரி" என்றேன்.
"நாடா கட்றவங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்" என்றாள்.

சென்னம்மா நிமிரவே இல்லை.
தையலின் ஒரு முனையைப் பல்லால் இழுத்தபடி
"வயித்துல ஈரத்துணி.
அதைத்தானே சொல்றான்?
இதுக்குப் போயி இங்கிலீசா?"

பிளேடு என் கையில் அப்படியே நின்றது.
தெரியாத சொல்லா அது?
எங்கள் வீட்டில் நடமாடிய சொல்.
மெயிலில் பேன்ட் போட்டுக்கொண்டு வந்ததால்
அடையாளம் தெரியவில்லை.

மறுவாரம் மூன்றாம் லைனுக்கு விளக்கு போடவில்லை.
முப்பத்தெட்டுப் பேர்.
லிஸ்ட்டை டைப் அடித்ததும் நான்தான்,
ஒரு பிழை இல்லாமல்.
நாகவேணி அடையாள அட்டையை
என் மேஜையில் வைத்தாள்.
கந்திகுப்பம் பக்கம் மாங்கூழ் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம்,
ரெண்டு மாசத்துக்கு.
"அங்க இங்கிலீஷ் மெயில் வராதுல்ல?"
அது கேலியா, கோபமா,
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

சாயங்காலம் லீட்ஸுக்குப் பதில் எழுதினேன்.
நிலைமை புரிந்தது என்று.
திம்மராயப்பா டீ குடிக்கப் போயிருந்த நேரம்,
கடைசியில் ஒரு வரி என் இஷ்டத்துக்குச் சேர்த்தேன்:
இங்கே நாங்கள்
வயிற்றில் ஈரத்துணி போட்டுக்கொள்வது வழக்கம்.

காலையில் ஹெலனின் பதில் வந்திருந்தது.
கேள்விப்பட்டதே இல்லை, ரொம்ப சுவாரஸ்யம்.
காட்டனா, கலப்பா?
ஒரு மீட்டர்
சாம்பிள் அனுப்ப முடியுமா?