எண்ணூற்று நாற்பது கிராம்

பூம்பாறையில் பூண்டு நிறுக்கும் தராசில்
முதன்முதலாக அதை வைத்தபோது
எண்ணூற்று நாற்பது.
கிலோவுக்கும் குறைவான வீடா என்று
பெத்தண்ணன் சிரித்தார்.
அவர் நிலத்தில், மேல்படியில், சும்மா கிடந்த துண்டில்
படுத்துக்கொள்ள அனுமதி கேட்டிருந்தேன்.
"கட்டில் கிடக்கு டீச்சரம்மா, உள்ள வாங்க."
போகவில்லை.

உறையில் எழுதியிருந்தது: மூன்று பருவங்களுக்கு.
எந்த ஊர்ப் பருவம் என்று எழுதவில்லை.

ஆடியில் கேரளப் பக்கமிருந்து ஏறிவந்த காற்று
துணிக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் சந்தைக் கண்டுபிடித்து
என் முதுகுக்கு அடியில் கைவிட்டது.
மூஞ்சிக்கல்லில் ரெஜினாளிடம் போனேன்.
ஸ்வெட்டர்களுக்கு ஜிப் மாற்றுகிறவள்.
இரு விரலால் தேய்த்துப் பார்த்து
"வெங்காயத் தோல்" என்றாள்.
கம்பி ஒடிந்த மூன்று குடைகளைப் பிரித்து
விளிம்பைச் சுற்றிக் கறுப்புப் பாவாடை தைத்தாள்.
எழுபது கிராம் கூடிற்று.
கூலி வாங்கினாள், குடைக்குக் காசு வாங்கவில்லை.

தையல் என்பது வரிசையாகப் போட்ட ஓட்டை
என்று ஐப்பசி வந்து சொன்னது.
ஊசி போன இடமெல்லாம் ஒரு சொட்டு
என் கால்மாட்டில்.
ஹார்டுவேர் கடை சிலிக்கானை டர்பன்டைனில் கரைத்து
பழைய பல் பிரஷ்ஷால் தையல் நெடுகப் பூசினேன்.
வீடு மூன்று நாள் நாறியது.
நாத்தனார் பேசவில்லை.

நனைந்தால் நைலான் தளரும்.
நடுராத்திரி எழுந்து கயிறு இழுக்கச் சோம்பல்பட்டு
சைக்கிள் ட்யூபை வளையம் வளையமாக அறுத்து
முளைகளில் மாட்டினேன்.
துணி விட்டால் ரப்பர் இழுத்துக்கொண்டது.
ஒன்பதாம் வகுப்பில் மீள்தன்மைப் பாடத்துக்கு
இதைத்தான் வரைந்து காட்டினேன்.
நாற்பத்தைந்து கிராம்.

தையில் எல்லாம் சரி என்று நினைத்தேன்.
பாவாடை தரையைத் தொட்டது. தையல் ஒழுகவில்லை.
ஒரு பொட்டுக் காற்றுக்கும் வழியில்லை.
மூன்று மணிக்கு முகத்தில் தண்ணீர் விழுந்து விழித்தேன்.
வெளியே நட்சத்திரம், கொட்டிக் கிடந்தது.
டார்ச் அடித்தால்
கூரையின் உள்பக்கம் முழுக்க மணி மணியாக
நான் விட்ட மூச்சு.
வெளிப்பக்கம் உறைபனி, தொட்டால் அப்பளம்.

அடைக்க ஆறு மாதம் ஆகியிருந்தது.

ரெஜினாள் கத்திரியை என் பக்கம் திருப்பி நீட்டினாள்.
"நீங்களே வெட்டுங்க. பதினேழாயிரம் ரூபாய்த் துணி,
எனக்குக் கை ஓடாது."
உச்சிக்குக் கீழே இரண்டு பக்கமும்
உள்ளங்கை அகலம்.
வெட்டும்போது சத்தமே வரவில்லை.
ஓட்டைக்குக் கொசுவலை, மேலே மிச்சக் குடைத்துணியில்
மழை நேரே விழாமல் ஒரு புருவம்.
பாவாடையைச் சுருட்டிவைக்க ஆறு பொத்தான்:
காற்றுக்கு இறக்கு, பனிக்கு ஏற்று.
எல்லாமாக இருபத்தைந்து.

மாசியில் ஒருநாள் மேல்படியைப் புதிதாகக் கொத்திப் போட்டிருந்தார்கள்.
மண் பொலபொலவென்று.
பத்து மணிக் காற்றில் முதல் முளை பிடுங்கிக்கொண்டது,
பிறகு அதன் பக்கத்தது,
நான் உள்ளே ஒரு மூலையைக் காலால் மிதித்தும்
இன்னொன்றைக் கையால் பிடித்தும்.
டார்ச் வெளிச்சம் வந்தது. பேச்சில்லை.
கரைச்சுவரிலிருந்து ஆறு கல்லை உருவி
ஒவ்வொரு கயிற்றின் மேலும் வைத்தார்.
போகும்போது மட்டும்,
"காலைல எடுத்த இடத்துலயே சொருகிருங்க.
கரை சரிஞ்சிரும்."

அந்தக் கல்லை எந்தக் கணக்கில் எழுதுவது?

விடியுமுன் காற்று அடங்கி மஞ்சு இறங்கியது.
கற்களை அவற்றின் பொந்துகளில் சொருகினேன்.
ஒன்று மட்டும் எந்தப் பொந்துக்கும் பொருந்தாமல்
கடைசிவரை கையில் இருந்தது.
ஈரத்தோடே சுருட்டித் தராசில் வைத்தேன்.
என் கூட்டலின்படி தொள்ளாயிரத்து எண்பது.
முள் ஆயிரத்து நூற்று அறுபத்தைந்தில் நின்றது.
"என்ன, ராத்திரியில வளந்துருச்சா?"

பெத்தண்ணன் குனிந்து முள்ளை இன்னொரு தரம் பார்த்தார்.
"பச்சைப் பூண்டுன்னா ஈரத்துக்குக்
கிலோவுக்கு நூறு கழிப்போம்" என்றார்.
"இது அதுக்கும் மேல."
மன்னவனூர் பஸ் வளைவில் ஹாரன் அடித்தது.