வட்டில்

நிறுவும்போது மூன்றே கேள்வி:
நினைவகத்தில் மட்டும் தங்கவா,
வட்டில் கொஞ்சம் சாமான் வைக்கவா,
இல்லை, வீடே கட்டிக்கொள்ளவா?

ஃபாரோவின் ஸ்வீனோய்த் தீவு, அலைமானி அறை.
மார்னா முதலாவதைத் தேர்ந்தாள்.
"கேட்காததைத் தூக்கிவராத விருந்தாளி" என்றாள்,
கையுறையைக் கழற்றாமலே.

பிப்ரவரிப் புயலில் மின்சாரம் போய் வந்தது.
மூன்று நாளாய் நான் கிண்டிக் குழப்பிய
அமைப்புகள் ஒன்றுகூட இல்லை.
கழுவி வைத்த வட்டிலாய்
மினுங்கியது திரை.
அப்பாடா என்றேன்.

அவள் பேசவில்லை.
மூன்று நாள் கடல்மட்டமும்
கழுவிய நீரோடு போயிருந்தது.
சேமி என்று சொல்ல
இருவருமே மறந்திருந்தோம்.
அதன்மேல் குற்றமில்லை,
சொன்னதைத்தான் செய்யும்.

இப்போது இரண்டாம் வழி.
கடலுக்கு மட்டும் வட்டில் இடம்.
என் பிழைகள்
வாசலோடு சரி.