குலுக்கிப் பார்த்தல்

சந்தையில் தேங்காய் வாங்கினால்
காதருகே வைத்துக் குலுக்குவேன்.
உள்ளே தண்ணீர் பேசினால் எடுக்கலாம்.
இந்தப் பெட்டியையும், பழக்கதோஷம், குலுக்கினேன்.
டொக்.
பிறகு எதிர்ச்சுவரில் இன்னொரு
டொக்.
கத்தியை எடுக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே,
மேலே பஸ் போனால் ஷட்டர் நடுங்குகிற கடை எனக்கு.
வீடியோ எடுத்துக்கொண்டே பிரிக்க வேண்டும்.
வலக்கையில் கத்தி, இடக்கையில் போன்,
தேதி தெரிய அன்றைய பேப்பர் பக்கத்தில்,
கடத்தப்பட்ட ஆளைப் படம்பிடிப்பது போல.

உள்ளே நான்கு டெராபைட் ஹார்டு டிஸ்க்.
ஒரே ஒரு சுற்றுக் குமிழ்த்தாள்,
அதுவும் டேப் விட்டுப்போய்
வேட்டி அவிழ்ந்த குடிகாரன் மாதிரி.
மிச்ச இடமெல்லாம் காற்று.
பையில் அடைத்த காற்றுகூட இல்லை, சும்மா காற்று;
ஆரல்வாய்மொழியில் எங்களுக்கு
இலவசமாகக் கிடைக்கிற சரக்கு.

அதே நாள் அதே கம்பெனி அனுப்பிய ராம்,
சூயிங்கம் நீளம்,
கைதவறி விழுந்தாலும் அதிகம் அலட்டிக்கொள்ளாத ஜாதி,
கேஸ் அடுப்பு வைக்கிற அளவு அட்டைப்பெட்டியில்
ஒன்பது காற்றுத் தலையணைக்கு நடுவே
பிரசவ வார்டில் போலப் படுத்திருந்தது.
எந்த ஊர்க் குடோனிலோ
ஒரு திரை பெட்டியின் எண்ணைச் சொல்லும்.
ஒட்டுகிறவருக்கு மணிக்கு இத்தனை என்று கணக்கு.
அவர்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.
கொஞ்சம் வந்தது.

கருங்கல் ரோட்டில் முட்டை வண்டிக்காரன்
அட்டைமேல் அட்டையாகப் பதினைந்து அடுக்கு
குழிகளில் இறக்கி ஏற்றிக் கொண்டுவருகிறான்.
செந்துளுவன் குலைக்குக்கூடச் சருகு சுற்றித்தான் லாரி.
காயம்பட்டால் விலை போகும்.
அதற்கு யாரும் விதி எழுதி ஒட்டவில்லை.

டிஸ்க் பெர்ஜினின் ஸ்டுடியோவுக்கு.
மாட்டினேன். சுழலத் தொடங்கியது. பிறகு
டிக். டிக். டிக்.
இருட்டில் பூட்டின் துளையைத் தேடுகிற சாவி.
"எக்கா, சரியாவுமா?"
மூன்று கல்யாணம், ஒரு புதுநன்மை, ஒரு அடக்கம்
இறங்க இடமில்லாமல் அவன் கேமராவில் நிற்கின்றன.

திருப்பி அனுப்பலாம். படிவம் காரணம் கேட்டது.
பிடிக்கவில்லை. நிறம் வேறு. மனம் மாறிவிட்டது.
'மற்றவை' என்பதற்கு இருநூறு எழுத்து இடம்.
கீழே பொடி எழுத்தில்:
முறையாகப் பொதியாத பொருளுக்குப் பணம் கிடையாது.

பொதிந்தேன்.
ஆன்டி ஸ்டாட்டிக் பை, அதன்மேல் நுரை,
ஆறு பக்கமும் இரண்டு அங்குலம், ஸ்கேல் வைத்து.
பெட்டிக்குள் பெட்டி.
குலுக்கினேன். மூச்சில்லை.
பெர்ஜின் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னான்:
"அடக்கத்துக்குதான் எக்கா, நல்ல பெட்டி."

நாலரைக்கு அஜிலன் வந்தான்.
முதுகில் பை, ஹேண்டில்பாரில் பை, டேங்கின்மேல் பை.
அன்றைக்கு எண்பத்தேழு வீடு.
ஸ்கேன் செய்தபடி, "ஒடையிற சாமானா?"
"ஒடைஞ்சாச்சு."
ரசீது வாங்கியும் போகாமல் நின்றான்.
மேசைக்குக் கீழே கிடந்த ஒன்பது தலையணைகளைப் பார்த்து,
"அது வேணுமா எக்கா?"

பிள்ளைக்கு, வெடித்து விளையாட, என்று நினைத்தேன்.
நான்கை எடுத்துச் சீட்டில் வரிசையாக வைத்தான்.
மேலே மழைக்கோட்டை மடித்துப் போட்டான்.
இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பைய,
ஒரு காலைத் தூக்கி உட்கார்ந்தான்.

தூண் பக்கத்துப் பள்ளத்தில் வண்டி விழுந்து எழுந்தது.
படாரென்று ஒன்று.
அவன் திரும்பிப் பார்க்கவில்லை.
இன்னும் மூன்று இருக்கிறது.