குறிப்புப் பத்தி

பாயா பிளாங்கா. கடல் பின்வாங்கிய சேறு.
பறவைக் கிளப்பில் பதினொரு பேர், ஒரே மாத்தே குடுவை.
நெலிடா புதியவள். கழுத்தில்
போன ஜூனில் போய்ச் சேர்ந்த கணவனின் பைனாகுலர்.

"உப்புக்கொத்தி நானூற்றுப் பன்னிரண்டு" என்றேன்.
"நானூற்று முப்பது" என்றார் எச்செகாராய்.
எப்போதும் பதினெட்டு கூட்டுவார்.
சண்டை முற்றுமுன் வல்லூறு ஒன்று இறங்க
சேறே எழுந்து பறந்தது.
மறுபடி ஒன்று, இரண்டு.

நெலிடாவுக்கு எல்லாம் மங்கல்.
வலக்கண் வளையத்தைத் திருகினால் தெளியும் என்று
கை நீட்டினான் இலாரியோ.
"தொடாதே.
அது அவர் கண்ணுக்கு வைத்தது."

அப்படியே பார்த்துச் சொன்னாள்:
"நண்டு தின்னும் கடற்காகம், எட்டு."

ஏழுதான் இருந்தன.
எச்செகாராய்கூட வாய் திறக்கவில்லை.

எட்டு என்று எழுதினேன்.
குறிப்புப் பத்தியில்:
தென்காற்று. வெளிச்சம் சுமார்.