தூதுக்கு வயிறு சரியில்லை

பதினோரு நாளாக
லோசனி என்னோடு பேசுவது காயா வழியாக.
"காயா, அரிசி தீர்ந்துவிட்டது, சொல்லு."
"காயா, மின்கட்டணம் கட்டியாச்சா, கேளு."
அன்னத்தை, கிளியை, மேகத்தைத்
தூதனுப்பிய மொழி இது.
எங்களுக்கு வாய்த்தது
யீஷூனில், எட்டாம் மாடியில்,
ஒரு காது மடிந்த பழுப்பு நாய்.
சொன்னதில் ஒரு சொல் கூட்டாமல்
வாலில் முடிந்துகொண்டு வரும்.
கூலி, பாதி பிஸ்கட்.

நேற்றிரவு தூது படுத்துவிட்டது.

மணி மூன்றே கால்.
சமையலறைக் கழியில் காயும் சட்டைகளுக்குக் கீழே
இரண்டாம் முறை வாந்தி.
மொறுமொறுத் தோலோடு பன்றிக்கறி,
உரிக்காத நிலக்கடலை ஒன்று,
கருகிய தாளின் ஓரம்.
ஏழாம் மாதம்.
புளோக்குக்குக் கீழே, புல்தரையில்,
பசித்த ஆவிகளுக்கு வைத்த படையலில்
ஊதுபத்தி அணையுமுன்
இவள் முந்திக்கொண்டிருக்கிறாள்.
வார் என் கையில்தான் இருந்தது.
கண் கைப்பேசியில்.
இதை நான் காயாவிடம்கூடச் சொல்லி அனுப்பவில்லை.

அவள் வயிறு உருண்டது,
ரயில் இல்லாத நேரத்தில்
எங்கோ ஒரு ரயில் போவதுபோல.

இரவு மருத்துவமனைக்கு அழைத்தேன்.
ஈறு வெளுத்திருக்கிறதா? இல்லை.
ரத்தம்? இல்லை.
தண்ணீர்? நக்குகிறாள்.
காலைவரை பார்க்கலாம், என்றது
கொட்டாவியை மென்று விழுங்கிய ஒரு குரல்,
இன்னொரு முறை எடுத்தால் உடனே கொண்டு வாருங்கள்.

அடுப்பைப் பற்றவைத்தேன்.
எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ரசம்.
சீரகம் எடுத்தேன், இஞ்சி எடுத்தேன்,
கரண்டியின் முதுகால் நசுக்க
மூன்று பல் பூண்டு

"பூண்டு வேண்டாம்."

கதவில் லோசனி.
தலைமுடி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.
"நாய்க்கு அது விஷம். வெங்காயமும்தான்."
பதினோரு நாளில்
சுற்றாமல் வந்த முதல் வாக்கியம்.
அதில் என் பெயர் இல்லை.
இருந்தாலும் முகவரி சரியாக இருந்தது.

பூண்டைக் கீழே வைத்தேன்.
விரலில் மணம் போகவில்லை.

அரிசியைக் குழையவிட்டாள்.
தேக்காவில் வாங்கிய பரங்கிக்காயில் ஒரு கீற்று
தோல் சீவி ஆவியில்.
உப்பு? என்றேன்.
"ம்ஹும்."
மஞ்சள்?
"அது உனக்கு."
இஞ்சி நகக்கண் அளவு, சீரகம் ஒரு சிட்டிகை,
கொதித்த நீரை வடிகட்டி
கஞ்சியில் ஒரு கரண்டி. அவ்வளவுதான்.
மணிக்கட்டின் உள்புறம் ஒரு சொட்டு விட்டுச்
சூடு பார்த்தாள்.
அதை எங்கே கற்றாள் என்று கேட்கவில்லை.
இந்த வீட்டில் அதற்கு
வேலை வந்ததே இல்லை.

ஒரு கரண்டி. அரை மணி நேரம்.
இன்னொரு கரண்டி.
நடுவில் நாங்கள் இருவரும் தரையில்,
முழங்கால்களுக்கு நடுவே ஒரு நாய்.
சண்டை எதற்கு என்பது
எனக்கு நன்றாக நினைவிருந்தது.
அவளுக்கும் இருந்திருக்கும்.
இருவரும் வயிற்றின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆறு மணிக்குக் காயா எழுந்து
வாரைக் கவ்விக்கொண்டு வந்தாள், வெட்கமில்லாமல்.

மின்தூக்கியில் மூன்றாம் மாடி குவெக் ஏறினார்.
படையல் அவருடையது.
சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்,
கைப்பேசியையும் சேர்த்து.
அவர் நாயை நெடுநேரம் பார்த்தார்.
"என் அம்மாவுக்கும் கொழுப்பு ஒத்துக்காது,
சொன்னால் கேட்க மாட்டாள்" என்றார்.
கதவு திறந்தது.

திரும்பி வந்தபோது
மீதிக் கஞ்சியில் உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்
லோசனி.
காயாவை முன்னே அனுப்பலாமென்று குனிந்தேன்,
அவள் ஏற்கெனவே தூங்கிப்போயிருந்தாள், காலணிகள் மேல்.
ஒன்றும் சொல்லாமல் ஒரு புட்டியை நீட்டினாள் லோசனி,
மூடி இறுகிக் கிடந்தது.
திறந்து கொடுத்தேன்.
பூண்டு ஊறுகாய்.