நிழலில் வைக்கவும்

வியாழன் மாலை ஐஸ் பெட்டியில் வந்தது
உன் தோல்.
தபால்தலை அளவு.
தொடையிடுக்கில், தீ எட்டாத ஓரத்தில் வெட்டியெடுத்தது.
பெயர் எழுதக் கூடாது என்பது விதி.
கே-17 என்று எழுதினேன்.

சொஹாரில் அன்று புழுதிக்காற்று.
துறைமுகத்துப் புகைக்கூண்டுகள் ஒன்றும் தெரியவில்லை.
நொதியில் ஊறவைத்தேன்.
மேல்தோல் அடித்தோலை விட்டு
நனைந்த தபால்தலை போலவேதான் உரிந்து வந்தது.

முதலில் எலிச் செல்கள்.
கதிர் பாய்ச்சியவை. பெருகாது,
கொஞ்ச நாளைக்குச் சாகவும் செய்யாது,
இன்னொருவர் படுக்கப் பாய் விரித்துவிட்டுப் போகும்.
இந்த ஊரில் இதை யாருக்கும்
விளக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் நாள் நுண்ணோக்கியில்
தீவு தீவாய் இருந்தாய்.
பத்தாம் நாள் தீவுகள் ஒன்றையொன்று தொட்டன.
ரோஸ் திரவம் மஞ்சளானால் உனக்குப் பசி.
இரண்டு நாளைக்கொருமுறை மாற்ற வேண்டும்,
வெள்ளிக்கிழமை என்றாலும்,
பெருநாள் என்றாலும்.
பெருநாளன்று ஷம்ஸா வாசலில் அல்வா வைத்துவிட்டுப் போனாள்.
கையுறை கழற்றினால் மறுபடி எல்லாம் முதலிலிருந்து.
இரவு எட்டுவரை அது வாசலிலேயே இருந்தது.

"யாருக்கு இவ்வளவும்?" என்றார் போனில் கணவர்.
"தெரியாது.
கேஸ் குழாய் வெடித்ததாம். அறுபது சதம்."
"நம்ம ஆளா?"
நுண்ணோக்கியில் அது தெரிவதில்லை.

இருபத்திரண்டாம் நாள் தாள்களாய்ப் பெயர்த்தேன்.
குப்பியை விட்டதும் பாதியாய்ச் சுருங்கிவிடும்,
முதல்முறை பார்ப்பவர்கள் பதறுவார்கள்.
வாசலின் தடவிய வலைத்துணியில் கிளிப் போட்டு
அறுபத்தெட்டுத் துண்டு.
எந்தப் பக்கம் மேலே என்பதை மட்டும் மறக்கக் கூடாது.
கவிழ்த்து வைத்தால் பிடிக்காது.
எண்ணிய பிறகு மறுபடி எண்ணினேன்.

எட்டு நாள் கழித்து அறுவை அறையிலிருந்து போன்:
"முக்கால்வாசி பிடித்திருக்கிறது."
மாடிப்படியில் உட்கார்ந்து
ஒரு வாழைப்பழம் தின்றேன்.

ஏழு மாதம் போனது.

வாயிலில் கைரேகை எந்திரம்
ஒருவரை ஏற்க மறுப்பதாகக் காவலாளி கூப்பிட்டான்.
பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்றாம்.
நோட்டில் கையால் எழுதியிருந்தான்:
ஞானதிரவியம், ஆறுமுகநேரி.
பக்கத்தில், வந்த காரணம்: கே-17.

அதுவரை நீ என்றே பேசிவந்தேன்.
நேரில் பார்த்ததும் நீங்கள் என்றுதான் வந்தது.

கழுத்து, நெஞ்சு, இரு கையும்
லேமினேட் செய்த அட்டைபோல மினுங்கின.
"நீங்கதான் வளத்தியளா?"
தலையாட்டினேன்.
"நல்லாத்தான் இருக்கு. வேர்க்கவே மாட்டேங்கு, மேடம்."

வியர்வைச் சுரப்பி என் குப்பியில் வளராது.
முடியும் வளராது.
முதல் நாளே எனக்குத் தெரியும்.
யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மதியம் மூன்று மணி நேரம்
வெயிலில் வேலையில்லை என்று சட்டம் இருக்கிறது.
அதற்கு முன்னும் பின்னும் இருப்பதும்
வெயில்தானே என்றார்.
ஃபோர்மேன் லெட்டர் கேட்கிறானாம்.

லெட்டர் தர எனக்கு அதிகாரமில்லை.
என்னிடம் இருப்பது
கிருமி இல்லை என்று சான்றளிக்கும் படிவம் மட்டும்.
அதில் 'குறிப்பு' என்று இரண்டு வரி இடம் உண்டு,
இதுவரை யாரும் நிரப்பியதில்லை.
எழுதினேன்:
இந்தத் தோலுக்கு வியர்க்காது.
நிழலில் வைக்கவும்.
முத்திரை குத்தினேன்.

வாங்கி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.
தமிழில் சொன்னேன். சிரித்தார்.
சிரித்தால் கழுத்து இழுக்கிறது அவருக்கு.
"மருந்து பாட்டில்ல போட்டாப்புல இருக்கு."
பிறகு,
"என் தோலு மிச்சம் ஏதும் கெடக்கா?"

ஒரு சின்னக் குப்பி இருக்கிறது என்றேன்.
திரவ நைட்ரஜனில்,
பூச்சியத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி.

மூடியைத் திறந்து காட்டினேன்.
வெண்புகை வழிந்து அவர் செருப்பை மூடியது.
கொஞ்ச நேரம் காலை எடுக்காமல் நின்றார்.
"எங்க கேம்ப்ல
ஏசி ரிப்பேராகிப் பதினோரு நாளாச்சு, மேடம்" என்றார்,
"அவன் மட்டும் சொகமா இருக்கான்."